ஏர் பிடித்த லாரி

லாரி திடீரென்று நிற்பதில்லை. நிற்கப் போகிறேன் என்று கொஞ்ச நேரம் முன்பே சொல்லிவிடும். கேட்கத் தெரிந்தவருக்குக் கேட்கும். 1995 பிப்ரவரியில் ஒரு ராத்திரி, மகாராஷ்டிரத்தின் பாண்டர்கவடாவைத் தாண்டி ஆதிலாபாத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஒரு லாரியின் கேபினில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த பலகையில் அரைத் தூக்கத்தில் கிடந்த எனக்கு எதுவும் கேட்கவில்லை. டிரைவருக்குக் கேட்டுவிட்டது. "இழுக்க மாட்டேங்குதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மிதித்தால் எஞ்சின் ஒரு கணம் உறுமியது, மறுகணம் மூச்சடைத்தாற்போல் அடங்கியது. அரைக் கிலோமீட்டர் அப்படியே தள்ளாடியது. வண்டியில் கொஞ்சமாவது வேகம் இருக்கும்போதே சாலையை விட்டு மண்ணில் இறக்கிவிட்டார். எஞ்சின் அணைந்தது. மணி பதினொன்றே கால்.

பின்னால் ஒன்பது டன் நாக்பூர் ஆரஞ்சு. வைக்கோல் பரப்பி, தார்ப்பாய் போர்த்தி, சேலம் மண்டிக்குப் போகவேண்டியது. நாக்பூரிலிருந்து சேலம் வரை ஒரே சாலைதான். அப்போது அதற்குப் பெயர் என்.எச்.7. வாரணாசியில் ஆரம்பித்துக் கன்னியாகுமரியில் முடியும் 2,369 கிலோமீட்டர். அன்று நாட்டிலேயே நீளமான நெடுஞ்சாலை அதுதான், ஆனால் பெரும்பாலான இடங்களில் எதிரெதிரே இரண்டு லாரிகள் வந்தால் ஒன்று மண்ணில் இறங்கவேண்டிய அகலம். தொலைதூர டிரைவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவதற்காக நான் அந்த லாரியில் தொற்றிக்கொண்டிருந்தேன். டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும், திருச்செங்கோடு பக்கத்துக்காரர். கிளீனர் பையனுக்குப் பதினெட்டு.

வண்டி நின்றதும் டிரைவர் செய்த முதல் காரியம் எஞ்சினைத் திறந்து பார்ப்பது என்று நினைத்தால் தவறு. "கல்லு வை" என்றார். பையன் குதித்து ஓடினான். முதலில் சக்கரங்களுக்கு அடியில் கட்டை. அப்புறம், வண்டிக்குப் பின்னால் ஐம்பது அறுபது தப்படி நடந்து, சாலை ஓரமாகக் கற்கள். கருவேலங்கிளை ஒன்றை ஒடித்துக் கொண்டுவந்து அதற்கு முன்னால் போட்டான். அந்தக் கற்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

"செல்ஃப் அடிடா."

பையன் மேலே ஏறி செல்ஃப் அடித்தான். டிரைவர் போனது எஞ்சின் பக்கம் அல்ல, சைலன்சர் குழாய்ப் பக்கம். டார்ச்சை அதன் வாயில் அடித்துக் குனிந்து பார்த்தார். எஞ்சின் சுற்றியது, குழாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. "பொகை இல்லீங்க சார். டீசலே போகலை" என்றார்.

எனக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது. மந்திரம் ஒன்றுமில்லை. செல்ஃப் சுற்றும்போது சைலன்சரில் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ புகை வந்தால் டீசல் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, எரியத்தான் மாட்டேன் என்கிறது என்று அர்த்தம். புகையே இல்லாவிட்டால் டீசல் அங்கே போய்ச் சேரவே இல்லை. ஒரே பார்வையில் பாதி எஞ்சினைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கியாயிற்று. மீதி இருப்பது டாங்கியிலிருந்து நாசில் வரைக்குமான வழி. டாங்கியில் குச்சி விட்டுப் பார்த்தார். டீசல் முள் வேலை செய்த லாரியை அந்தக் காலத்தில் நான் பார்த்ததில்லை, குச்சிதான் முள். ஒரு முழத்துக்கு நனைந்து வந்தது. டீசல் இருக்கிறது.

"ஏர் புடிச்சுக்கிச்சு."

டீசல் எஞ்சினுக்குப் பொறி கிடையாது, பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு, பதினேழில் ஒரு பங்காக நெருக்கினால் அது ஐந்நூறு டிகிரிக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்கிறது. 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டியதும் இதே தத்துவம்தான். சங்கடம் எல்லாம் பீய்ச்சுவதில் இருக்கிறது. நாசிலின் முனையில் ஓர் ஊசி, ஒரு ஸ்பிரிங்கின் பலத்தில் இறுகி மூடியிருக்கும். பழைய லாரிகளில் அதைத் திறக்கச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ அழுத்தம் வேண்டும். பம்பு அந்த அழுத்தத்தைக் கொடுப்பது, டீசல் நெருக்குதலுக்கு மசியாத திரவம் என்ற தைரியத்தில்தான். நடுவில் கொஞ்சம் காற்று புகுந்துவிட்டால் போச்சு. பம்பு அழுத்தும்போது காற்றுக் குமிழி சுருங்கிக்கொடுக்கும், விட்டதும் பழையபடி விரிந்துகொள்ளும். ஊசி அசையாது. அத்தனை பெரிய இரும்பை ஒரு குமிழி நிறுத்திவிடும்.

குமிழியை வெளியேற்றுவது ஒரு சடங்கு. பீட் பம்பின் தலையில் ஒரு கைப்பிடி இருக்கும், அதைத் திருகித் தளர்த்தினால் மேலும் கீழும் அடிக்கலாம். டீசல் ஃபில்டரின் மேலிருந்த ஸ்க்ரூவை டிரைவர் ஒரு சுற்று தளர்த்தினார், பையன் பம்படித்தான். நுரை வந்தது. சோடா பாட்டிலைத் திறந்தாற்போல் பொரிந்துகொண்டு வந்தது. அடிக்க அடிக்க நுரை குறைந்து, கடைசியில் டார்ச் வெளிச்சத்தில் கண்ணாடி நூல் போல டீசல் வழிந்தது. பையன் பம்படிப்பதை நிறுத்தாமல் இருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்கினார். அதுதான் சூட்சுமம். நிறுத்திவிட்டு இறுக்கினால் மறுபடி காற்றை உறிஞ்சும். பிறகு பெரிய பம்பின் ஸ்க்ரூ, அதே மாதிரி. பிறகு ஆறு நாசில்களுக்குப் போகும் பைப்புகளின் நட்டுகளை நாசில் பக்கத்தில் அரைச் சுற்று தளர்த்திச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். ஒவ்வொன்றும் துப்ப ஆரம்பித்ததும் இறுக்கிக்கொண்டே வந்தார். நான்காவதை இறுக்கும்போது எஞ்சின் இருமியது, ஐந்தில் பிடித்துக்கொண்டது.

கைப்பம்பை அடிப்பதற்குள் செல்ஃபைப் போட்டுத் தேய்ப்பவர்கள்தான் அதிகம் என்று சொன்னார். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் சுற்றக்கூடாது. பாட்டரியும் இறங்கிவிட்டால் ஒரு வியாதி இரண்டாகிவிடும்.

பையன் கல்லை எடுத்தான். புறப்பட்டோம். சாதித்துவிட்ட பெருமையில் நான் ஒரு சிகரெட் பற்றவைத்தேன், அதை முடிக்கவில்லை. மூன்று கிலோமீட்டரில் மறுபடி அதே உறுமல், அதே மூச்சடைப்பு, அதே மண். அதே "கல்லு வை".

இங்கேதான் அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது. திரும்ப அதையே செய்ய அவர் முனையவில்லை. பீடி பற்றவைத்துக்கொண்டு சாலையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். ஐந்து நிமிடம். காற்றை வெளியேற்றியாகிவிட்டது, மறுபடி காற்று வந்திருக்கிறது. ஆகவே எங்கோ புகுகிறது. எங்கே?

பீட் பம்பைத் தாண்டி எங்கே ஓட்டை இருந்தாலும் டீசல் வெளியே கசியும், கையில் பிசுபிசுக்கும். ஆனால் டாங்கியிலிருந்து பீட் பம்பு வரை உள்ள பைப்பில் டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. அங்கே ஓட்டை விழுந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஓட்டை விழுந்த குழலை வைத்து இளநீர் உறிஞ்சிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டையை, ராத்திரி ஒரு மணிக்கு, டார்ச் வெளிச்சத்தில், பன்னிரண்டு அடி நீளத்துக்கு எப்படித் தேடுவது?

டிரைவர் தேடவில்லை. ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் டாங்கியிலிருந்து டீசலை இறக்கினார். (டியூபை வாயில் வைத்து உறிஞ்சித்தான். அதை யாரும் செய்யவேண்டாம். டீசல் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா மாதிரி ஆகிவிடும்.) பீட் பம்புக்கு வரும் பைப்பைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு ரப்பர் ஹோஸைச் செருகி, மறுமுனையை கேபினில் உயரமாக வைத்த கேனுக்குள் விட்டார். மறுபடி ஏர் எடுத்தார்கள். எஞ்சின் பிடித்தது. ஐந்து நிமிடம், பத்து, கால் மணி நேரம். ஒரு சிணுங்கல் இல்லை. "ஃபில்டர் நல்லா இருக்கு, பம்பு நல்லா இருக்கு. டாங்கிலிருந்து வர்ற பைப்புதான்" என்றார். கால் மணி நேரத்தில் ஒரு லாரியை இரண்டாக வெட்டி, நோய் எந்தப் பாதியில் என்று சொல்லிவிட்டார். ஒரு டாக்டர் இதைச் செய்தால் பெயருக்குப் பின்னால் எழுத்துகள் போட்டுக்கொள்வார்.

அந்த கேனை வைத்தே ஆதிலாபாத் போய்விடலாமே என்று நான் கேட்டேன். பையன் சிரித்தான். கேபினுக்குள் திறந்த டீசல், பக்கத்தில் பீடி பிடிக்கும் மூன்று பேர்.

அதன் பிறகு தேடுவது சுலபமாயிற்று. பைப் எங்கெல்லாம் எதையாவது தொடுகிறதோ அங்கே மட்டும் பார்த்தால் போதும். சேஸிஸில் பைப்பைப் பிடித்திருந்த ஒரு கிளாம்ப்பின் ரப்பர் தேய்ந்து போய், இரும்பும் இரும்பும் உரசி, குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை. பையன்தான் விரல் நகத்தால் தடவிக் கண்டுபிடித்தான். டிரைவர் "ம்" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு அந்தத் தொழிலில் கிடையாது என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் சீட்டுக்கு அடியிலிருந்த டூல் பெட்டி வெளியே வந்தது. பழைய ஃபேன் பெல்ட் ஒன்று. கட்டுக்கம்பிச் சுருள். ஆக்ஸா பிளேடு பாதி. ஒரு உபரி நாசில் பைப். சைக்கிள் டியூப் துண்டுகள். எம்-சீல். துணி துவைக்கும் பார் சோப்பு ஒன்று, டாங்கியில் கசிவு கண்டால் தேய்த்து அடைக்க. டீசலுக்கு அந்தச் சோப்பு கரையாது, ஊர் போய்ச் சேரும் வரை தாங்கும். வெற்றிலைப் பெட்டி ஒன்று நிறைய செம்பு வாஷர்கள்.

துளை இருந்த இடத்தில் பைப்பை ஆக்ஸா பிளேடால் வெட்டி, வாயின் பிசிறைத் தேய்த்து, இரண்டு முனைகளையும் ஒரு சாண் நீள ரப்பர் ஹோஸுக்குள் செருகிக் கட்டுக்கம்பியால் நான்கு இடத்தில் முறுக்கினார்கள். சைக்கிள் டியூப் ஏன் கூடாது என்று கேட்டதற்கு, "அது டீசல்ல ஊறி இட்லி ஆயிரும்" என்று பதில் வந்தது. சாதாரண ரப்பர் டீசலில் உப்பிப்போகும். ஒரு அவசரத்துக்கு மேலே சுற்றலாம், நம்பி நெடுந்தூரம் போகக்கூடாது.

பீட் பம்பில் பைப்பைத் திரும்பப் பூட்டும்போது ஒரு சிறு வேலை மிச்சமிருந்தது. போல்ட்டின் இரண்டு பக்கமும் வரும் செம்பு வாஷர், ஒரு தடவை இறுக்கப்பட்ட பிறகு கெட்டியாகிவிடும், மறுபடி சரியாக உட்காராது. பெட்டியில் அந்த அளவில் புதிய வாஷர் இல்லை. சோறாக்கும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்து, பழைய வாஷரைக் கம்பியில் கோத்துச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார். உருக்கை அப்படிச் செய்தால் இறுகும், செம்பு இளகும். "இத மறந்துராத" என்று பையனிடம் சொன்னார். எஞ்சின் பிடித்தபோது மணி நாலேகால்.

அந்த ராத்திரி நடந்ததை நான் பல வருடம் பலரிடம் ஒரு தனி மனிதரின் சாமர்த்தியமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, லாரிகளே அப்படி இருந்தன என்பது. ராபர்ட் பாஷ் கம்பெனி இந்த வகைப் பம்பை 1927இல் தயாரிக்க ஆரம்பித்தது. அதன் இந்தியக் கிளை, நம் டிரைவர்கள் மைக்கோ என்று சொல்லும் கம்பெனி, 1951இல் உருவாயிற்று. 1954இல் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸோடு சேர்ந்து டெல்கோ ஜாம்ஷெட்பூரில் லாரி செய்ய ஆரம்பித்தது. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதிலிருந்து நாற்பது வருடம், நாடு முழுக்க ஓடியவை பெரும்பாலும் இந்த இரண்டு குடும்பத்து லாரிகள். மாடல் நம்பர் மாறும், சுபாவம் மாறாது. ஒரு லாரியைக் கற்றவன் எல்லா லாரியையும் கற்றவன் ஆனான். கட்டாக்கிலும் கான்பூரிலும் அதே வாஷர் கிடைத்தது. எஞ்சினை ஸ்டார்ட் செய்யத்தான் கரண்ட், ஓடுவதற்குத் தேவையில்லை. பாட்டரி சந்தேகம் என்றால் இறக்கத்தில் நிறுத்திவிட்டுத் தூங்குவார்கள், காலையில் உருட்டிவிட்டால் கிளம்பிவிடும். அணைப்பதற்குக்கூட ஒரு கம்பியை இழுத்தால் போதும்.

கற்றுக்கொடுப்பதற்கும் ஓர் ஏற்பாடு இருந்தது, அதை ஏற்பாடு என்று யாரும் சொல்லாவிட்டாலும். கிளீனராகச் சேர்வது, நாலைந்து வருடம் அடியும் திட்டும் சோறும் தின்பது, ராத்திரியில் காலி ரோட்டில் ஸ்டீரிங் பிடிப்பது, டிரைவராவது. கொடுமையான பள்ளிக்கூடம். லைசென்ஸ் அலுவலகம் கற்றுக்கொடுக்காத எல்லாவற்றையும் அது கற்றுக்கொடுத்தது.

2023 அக்டோபரில் அதே சாலையில் வேறொரு லாரியில் போனேன். சாலையின் பெயர் மாறிவிட்டது. 2010இல் நெடுஞ்சாலைகளுக்கு மறு எண் கொடுத்தபோது இந்தப் பகுதி ஸ்ரீநகர்-கன்னியாகுமரி என்.எச்.44இல் சேர்ந்துவிட்டது. நான்கு வழி, நடுவில் அரளிச் செடி. ஆதிலாபாத் இப்போது தெலங்கானா. லாரியில் சேலம் ஜவ்வரிசி, நவராத்திரி விரதக்காரர்களின் கிச்சடிக்காக நாக்பூர் போகிறது. டிரைவர் சங்ககிரிக்காரர், நாற்பத்தைந்து வயது. கிளீனர் இல்லை. இப்போது பல லாரிகளில் இல்லை, கட்டுப்படியாவதில்லை என்கிறார்கள்.

ஹிங்கன்காட் தாண்டவில்லை. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கொஞ்ச தூரத்தில் எஞ்சின் பலம் குறைந்தது. நிற்கவில்லை, நடக்க ஆரம்பித்தது. லோடோடு இருபது கிலோமீட்டர் வேகத்தில் நான்கு வழிச் சாலையில் ஊர்வது, நிற்பதைவிட ஆபத்து. ஓரம் கட்டினார்.

2020 ஏப்ரல் 1 முதல் நாட்டில் விற்கும் வண்டிகளெல்லாம் பாரத் ஸ்டேஜ் 6. டீசலில் கந்தகம் பத்து லட்சத்துக்கு 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. லாரியில் டீசல் டாங்கிக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட இன்னொரு சின்ன டாங்கி வந்தது. அதில் 32.5 சதவீத யூரியாக் கரைசல். அதைப் புகையில் பீய்ச்சி நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சாதுவாக்குகிறார்கள். கரைசல் தீர்ந்தாலும், தரம் சரியில்லை என்று சென்சார் சொன்னாலும், கம்ப்யூட்டர் எஞ்சின் பலத்தைக் குறைத்துவிடும். சிலர் சாமர்த்தியமாக உர மூட்டையைக் கரைத்து ஊற்றுகிறார்கள். 2015 முதல் நம் உர யூரியா எல்லாம் வேப்பெண்ணெய் பூசியது. வயலுக்கு நல்லது, அந்தக் குழாய்களுக்கு எமன்.

எங்கள் டிரைவர் நல்ல கரைசல்தான் ஊற்றியிருந்தார். கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தார். வருகிறோம் என்றார்கள். மத்தியானம் இரண்டு மணிக்குச் சொன்னது. ஆள் வந்தது மறுநாள் விடிகாலை மூன்றுக்கு. லாப்டாப்பை இணைத்தான், படித்தான், அடியில் படுத்தான். யூரியா டாங்கி சென்சாருக்குப் போகும் ஒயர்க் கட்டு ஒரு கிளாம்ப்பில் உரசித் தோல் உரிந்திருந்தது. ஒட்டி, டேப் சுற்றி, கம்ப்யூட்டரில் பழைய குற்றத்தை அழித்தான். இருபது நிமிடம்.

"அந்த ஒயரு உரசுதுன்னு மத்தியானமே பாத்துட்டேனுங்க சார்" என்றார் டிரைவர். "கைய வெச்சா வாரண்டி போயிரும்னு மொதலாளி சொல்லியிருக்காரு. ஒட்டிட்டாலும் வெளக்க அணைக்க எங்கிட்ட என்ன இருக்கு?" பதின்மூன்று மணி நேரத்துக்கு அவருக்குப் படி கிடையாது. லேட்டுக்கு வாடகையில் பிடித்தார்கள்.

பழைய லாரியே நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கறுப்புப் புகையைத் தின்றவர்களில் நானும் ஒருவன். டெல்லிக் குளிர்காலத்தில் குழந்தைகள் இருமுவதைக் கேட்டவர் யாரும் 1995 எஞ்சினுக்காக ஏங்க மாட்டார். ஆனால் புகையைக் குறைப்பதற்கும், என்ன கோளாறு என்பதை வண்டி ஓட்டுகிறவனிடமிருந்து மறைத்து வைப்பதற்கும் என்ன சம்பந்தம்? வண்டிக்கே தெரிந்திருக்கிறது, எந்த ஒயர் என்று. அதை ஒரு எண்ணாகச் சேமித்தும் வைத்திருக்கிறது. அந்த எண்ணைத் தமிழிலோ இந்தியிலோ ஒரு வரியாக டாஷ்போர்டில் காட்டுவதற்கு எந்தச் சுற்றுச்சூழல் விதியும் தடையில்லை. காட்டினால் லாப்டாப்புக்காரனின் வருகை குறையும், அவ்வளவுதான். மத்திய நுகர்வோர் துறை 2022இல் ஒரு குழு போட்டு, பழுது பார்க்கும் உரிமை என்று ஒரு திட்டத்தை ஆரம்பித்தது. விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டுச் சாமான்களோடு மோட்டார் வாகனங்களும் அதில் உண்டு. நாக்பூரில் சரக்கு இறக்கிய இடத்தில் ஐந்து டிரைவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டேன். ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

இன்றைய லாரியில் டிரைவரே செய்யக்கூடியது இன்னும் இருக்கத்தான் செய்கிறது. ஃபில்டருக்கு அடியில் தேங்கும் தண்ணீரை வடிக்கலாம். ஃபில்டர் மாற்றலாம். பல புதிய வண்டிகளிலும் ஃபில்டர் பக்கத்தில் கைப்பம்பு இருக்கிறது, அதுவரைக்கும் ஏர் எடுக்கலாம். ஃபியூஸ், ரிலே, பாட்டரி முனை, கழன்ற கனெக்டர் எல்லாம் பார்க்கலாம். செய்யவே கூடாதது ஒன்று உண்டு. பழைய பழக்கத்தில் நாசில் பைப்பின் நட்டைத் தளர்த்துவது. இப்போதைய காமன் ரெயில் எஞ்சினில் அந்தப் பைப்பில் 1,600 பார் அழுத்தமும் அதற்கு மேலும் இருக்கும். ஓடும் எஞ்சினில் அதைத் திறந்தால் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வெளியே பார்த்தால் ஊசி குத்தியது போல்தான் தெரியும், வலிகூட முதலில் அதிகம் இருக்காது. அப்படி நேர்ந்தால் எண்ணெய் தடவிக்கொண்டு வண்டி ஓட்டாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தாமதித்தால் விரலை, கையை எடுக்கவேண்டி வரும். கேபினைச் சாய்த்தால் தாங்குகம்பி பூட்டிக்கொண்டதைப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே விடவேண்டும் என்பதை இத்தனை வருடம் கழித்தும் சொல்லவேண்டியிருக்கிறது.

அதைவிட முக்கியம் பின்னால் வருகிறவன். 2022இல் நம் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். மத்திய அரசின் அந்த அறிக்கையில், நின்றுகொண்டிருந்த வண்டியில் மோதிய விபத்துகளுக்கென்றே தனியாக ஒரு வரிசை இருக்கிறது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவன் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் கடக்கிறான். முக்கோணத்தை வண்டியை ஒட்டி வைத்துவிட்டு அடியில் படுப்பவருக்கு அது துணையாகாது. நூறு மீட்டராவது பின்னால் போய் வைக்கவேண்டும். 1033க்குப் போன் செய்தால் நெடுஞ்சாலை ரோந்து வண்டி வரும். ஹிங்கன்காட்டில் எங்களுக்கு நாற்பது நிமிடத்தில் வந்து, கூம்புகளை வைத்துவிட்டுப் போனார்கள்.

1995இல் கூம்பும் இல்லை, முக்கோணமும் இல்லை, கல்தான். ரிப்பேர் முடிந்ததும் கல்லை அப்படியே விட்டுவிட்டுப் போகும் லாரிகளை எத்தனையோ பார்த்திருக்கிறோம். ராத்திரி மோட்டார் சைக்கிளில் வருகிறவன் அதில் ஏறி விழுந்து செத்தால், எந்த லாரி என்று யார் தேடப்போகிறார்கள்?

அன்று நாலேகாலுக்கு எஞ்சின் பிடித்ததும் நான் மேலே ஏறிப் பலகையில் சாய்ந்துவிட்டேன். அணைத்தால் மறுபடி என்ன ஆகுமோ என்ற பயத்தில் டிரைவர் எஞ்சினை ஓடவிட்டு ஸ்டீரிங்கில் கை வைத்துக் காத்திருந்தார். சேலத்துக்கு ஏற்கெனவே அரை நாள் தாமதம். பையன் மூச்சிரைக்க ஓடிவந்து ஏறினான்.

"எல்லாம் எடுத்துட்டியா?"

"எடுத்துட்டனுங்ணா."

"எத்தன வெச்சே?"

"பதினொண்ணு."

"எத்தன எடுத்தே?"

பையன் கொஞ்சம் யோசித்தான். "பத்து."

டிரைவர் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். பையன் டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கிப் பின்னால் நடந்தான்.